நம் வங்கிக் கணக்கு: பூஜ்யத்திற்கு மேலும் கீழும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

கல்லூரியில் சேரும் நாளில் நம்மிடம் கேட்கப்படும் சான்றுகள் பல. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றோடு வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகலும் கேட்கப்படுகிறது. மற்றச் சான்றுகள் எதற்கு என்பது நமக்கு ஓரளவு தெரியும். வங்கிப் புத்தகத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அந்தக் கணக்கு எந்த வகையைச் சேர்ந்தது, அதற்குரிய விதிகள் யாவை என்று பார்ப்பவர் நம்மில் குறைவு. நமக்கு வரவேண்டிய உதவித்தொகை வராமற் போவதற்கும், வந்த தொகை குறைந்து போவதற்கும் இந்த அறியாமை ஒரு பெரிய காரணம். அதனை இயன்றவரை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் வணிகவியல் மாணவி அல்லேன், கணிதம் பயில்பவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நானே. அப்பா மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்பவர். அம்மாவின் வங்கிக் கணக்கு நூறு நாள் வேலைக் கூலிக்காகத் தொடங்கப்பட்டது. கூலி ஏறிய மறுநாளே முழுவதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் "பாங்கிக்காரங்க பிடிச்சிக்குவாங்க" என்பது எங்கள் தெருவில் பலருடைய எண்ணம். இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. ஆனால் அந்த எண்ணம் காரணமின்றித் தோன்றியதன்று என்பதை நானே பாஸ்புக்கை வாசிக்கத் தொடங்கிய பிறகு உணர்ந்தேன்.

கணக்கில் எத்தனை வகை?

சேமிப்புக் கணக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுகிறோம். அப்படியன்று. நமக்குத் தேவையான அளவில் இரண்டு வகைகளை அறிந்துகொண்டால் போதும். முதலாவது, சாதாரணச் சேமிப்புக் கணக்கு. இதில் குறைந்தபட்ச இருப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்று வங்கி விதிக்கலாம். இரண்டாவது, அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. இதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. பூஜ்யம் ரூபாய் இருந்தாலும் கணக்கு செல்லும்.

இந்த இரண்டாம் வகை பிறந்த வரலாறு சுவையானது. 1969 ஜூலை 19 அன்று பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும். அதன் பிறகு கிராமங்களில் கிளைகள் பெருகின. எனினும் கூலிக்காரர் வீடுகளுக்குள் பாஸ்புக் நுழையப் பல ஆண்டுகள் ஆயின. 2005-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச இருப்பு இல்லாமலோ மிகச் சிறிய இருப்புடனோ எளிய கணக்குகளைத் தொடங்குமாறு ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியது. புதுச்சேரியை அடுத்த மங்கலம் என்னும் கிராமத்தில் அவ்வாண்டு இந்தியன் வங்கி இம்முயற்சியில் இறங்கியது. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி அளிக்கப்பட்ட நாட்டின் முதற் கிராமம் என்ற பெயர் மங்கலத்திற்கு உண்டு. 2012-இல் இக்கணக்கிற்கு 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்ற பெயரும் பொதுவான விதிகளும் வந்தன. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தின் கணக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இக்கணக்கில் பணம் போடுவதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை முறையும் போடலாம். மாதத்தில் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. அடிப்படைக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சாதாரணக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதனை முப்பது நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். இவ்வகைக் கணக்கு வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. எவருக்கும் உள்ள உரிமை அது. ஆனால் நாம் கேட்டால்தான் கிடைக்கும். வெறுமனே "ஒரு கணக்கு வேண்டும் சார்" என்று நின்றால், எந்தப் படிவம் கைக்கு வருகிறதோ அதில்தான் கையெழுத்துப் போடுவோம்.

எண்கோட்டில் நம் கணக்கு

கணிதத்தில் எண்கோடு என்று ஒன்று உண்டு. நடுவில் பூஜ்யம், வலப்புறம் மிகை எண்கள், இடப்புறம் குறை எண்கள். வங்கிக் கணக்கையும் அப்படி ஓர் எண்கோடாக எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் வலப்புறத்தைக் காண்போம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 என்று அறிவிக்கப்பட்டது. இந்த ஆயிரம் ரூபாய் ஒரு மாதம் முழுவதும் கணக்கில் கிடந்தால் வட்டி எவ்வளவு? ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ரூ.2.08 வரும். சேமிப்புக் கணக்கின் வட்டி 2010 ஏப்ரல் முதல் அன்றாட இருப்பின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரு நாள் வைத்திருந்தாலும் அந்த ஒரு நாளுக்குக் கணக்கு உண்டு. இரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் எடுத்துக்கொள்ளப்படும் தொகையோடு ஒப்பிடும்போதுதான் அந்த இரண்டு ரூபாயின் பொருள் விளங்கும்.

குறைந்தபட்ச இருப்பு ரூ.1,000 இருக்க வேண்டிய ஒரு சாதாரணக் கணக்கில் ரூ.400 மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். பற்றாக்குறை ரூ.600. அதற்கு ஐந்து விழுக்காடு கட்டணம் என்றால் ரூ.30, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.5.40. ஆக மொத்தம் ரூ.35.40. அஃதாவது, ஆயிரம் ரூபாய்க்கு ஏறக்குறைய பதினேழு மாதங்களில் கிடைக்கக்கூடிய வட்டி ஒரே நாளில் போய்விடுகிறது. "பாங்கிக்காரங்க பிடிச்சிக்குவாங்க" என்று எங்கள் தெருவில் சொன்னது இதைத்தான்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையின் சாரம் வருமாறு: இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். கட்டணம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இக்கட்டணத்தால் மட்டுமே கணக்கு பூஜ்யத்திற்குக் கீழே போகக் கூடாது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் தன் சேமிப்புக் கணக்குகளில் இந்த அபராதத்தையே நீக்கியது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் நீக்கின. எனினும் எல்லா வங்கிகளும் நீக்கிவிடவில்லை. நம் கணக்கு எந்த வங்கியில், எந்த வகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

பாஸ்புக்கில் காணும் கழிவுகள் எல்லாமே அபராதமும் அல்ல. என் வகுப்புத் தோழர் ஒருவரின் கணக்கில் ஒரு மே மாத இறுதியில் ரூ.436-உம் ரூ.20-உம் குறைந்திருந்தன. வங்கி ஏமாற்றிவிட்டது என்று அவர் சினந்தார். விசாரித்ததில், கணக்குத் தொடங்கும்போது கொடுத்த தாள்களுக்கிடையே இரண்டு காப்பீட்டுப் படிவங்களிலும் அவர் கையெழுத்திட்டிருந்தது தெரிந்தது. முதலாவது ஆயுள் காப்பீடு. இரண்டாவது விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலட்சம் ரூபாய் காப்பு. ஆண்டுதோறும் அந்தத் தவணை தானாகவே கழியும். அவை தீய திட்டங்கள் அல்ல. ஆனால் எதற்கு இசைந்தோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாமெனில் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடலாம்.

பணம் எந்த வங்கிக்குப் போகிறது?

இது நம்மில் பலரைத் திண்டாட வைக்கும் இடம். உதவித்தொகைகள் பலவும் இப்போது ஆதார் எண்ணின் வழியே அனுப்பப்படுகின்றன. பட்டியல் இன மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையில் நடுவணரசின் பங்காகிய 60 விழுக்காடு இவ்வாறே நேரடியாக மாணவர் கணக்கிற்கு வருமாறு 2021-இல் முறை மாற்றப்பட்டது. இங்கே ஓர் உண்மையை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ஆதார் வழியே வரும் பணம், நாம் கல்லூரியில் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. நம் ஆதார் எண் எந்த வங்கியோடு மானியம் பெறுவதற்காகப் பிணைக்கப்பட்டுள்ளதோ அங்கே போகிறது. ஓர் ஆதார் எண் ஒரு நேரத்தில் ஒரு வங்கியோடுதான் அவ்வாறு பிணைந்திருக்க முடியும். இரண்டாவது வங்கியில் புதிதாகப் பிணைத்தால் முதற் பிணைப்பு நீங்கிவிடும்.

கணக்குத் தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு. மானியம் பெற ஆதாரைப் பிணைக்க இசைவு தருவது வேறு. முதலாவது ஆளை அடையாளம் காண்பதற்கு. இரண்டாவது பணத்திற்கு வழி காட்டுவதற்கு. "ஆதார் கொடுத்திருக்கிறோமே" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் முதலாவதைத்தான்.

என் தோழி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவள் அனுமதி பெற்றே எழுதுகிறேன். இரண்டாம் பருவத் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய வாரம். உதவித்தொகை வரவில்லை. வங்கிக்கு நான்கு முறை நடந்தாள். ஒவ்வொரு முறையும் "வரலைம்மா" என்ற ஒரே பதில். கடைசியில் அவள் அம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். இரண்டு மாதங்களுக்குப் பிறகு எங்கள் பொருளியல் பேராசிரியர் ஒருவர், ஆதார் இணையதளத்தில் எந்த வங்கியோடு பிணைப்பு உள்ளது என்று பார்க்கலாம் என்று காட்டிக் கொடுத்தார். பார்த்தோம். கைபேசிக் கடை ஒன்றில் சிம் அட்டை வாங்கியபோது விரல் ரேகை வைத்து ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதையே அவள் மறந்து போயிருந்தாள். பணம் முழுவதும் அங்கே இருந்தது. கம்மல் அடகுக் கடையில் இருந்த நாட்களெல்லாம் உதவித்தொகையும் கணக்கில்தான் இருந்தது. ஆனால் எந்தக் கணக்கில் என்று எவருக்கும் தெரியவில்லை. அரசு அனுப்பவில்லை என்று சொல்வதற்கில்லை. வங்கி பிடித்துக்கொண்டது என்று சொல்வதற்கும் இல்லை. இடையில் ஒரு செய்தி மட்டும் யாராலும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. அந்த ஒரு செய்திக்கு ஒரு தாய் கொடுத்த விலை அடகு வட்டி.

பள்ளிக்காலக் கணக்கு

நம்மில் பலருடைய முதற் கணக்கு பள்ளியில் படிக்கும்போது, உதவித்தொகைக்காக, அம்மாவின் பெயரோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. அது சிறார் கணக்கு. பதினெட்டு வயது நிறைந்ததும் அக்கணக்கிற்குப் புதிய கையெழுத்தும், புதிய புகைப்படமும், அடையாளச் சான்றும் கொடுத்து நம் பெயரில் மாற்றிக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் பணம் எடுப்பதில் தடை ஏற்படும். "பணம் ஏறியிருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை" என்று முதலாண்டு மாணவர் சொல்லக் கேட்டால், முதலில் இதை விசாரிக்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாம் எதுவும் செய்யாமல் விட்ட கணக்கு செயலற்ற கணக்காகிவிடும். ஆனால் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, உதவித்தொகைக்காகவும் அரசு உதவிகளுக்காகவும் தொடங்கப்பட்ட பூஜ்ய இருப்புக் கணக்குகளை அவ்வாறு முடக்கக் கூடாது. ஏனைய செயலற்ற கணக்குகளையும் மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. நம் கணக்கு உதவித்தொகைக் கணக்கு என்று வங்கியின் பதிவில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

பூஜ்யத்திற்குக் கீழே

இனி எண்கோட்டின் இடப்புறத்திற்கு வருவோம். கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுக்க வங்கி இசைவு தருவதற்கு ஓவர்டிராஃப்ட் என்று பெயர். தமிழில் மிகைப்பற்று என்பர். 1728-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் வில்லியம் ஹாக் என்ற வணிகருக்கு, அவர் கணக்கில் இருந்ததைவிட ஆயிரம் பவுன் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ள ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இசைவு தந்தது. இதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது அதுவே. சரக்கு வாங்கப் பணம் இன்று வேண்டும்; விற்ற பணம் நாளைதான் வரும். இந்த இடைவெளியை அடைப்பதே மிகைப்பற்றின் வேலை. சாதாரணக் கடனில் முழுத் தொகைக்கும் வட்டி. மிகைப்பற்றில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்கென்றே பெரிய வங்கிகள் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. அதில் ஓர் எல்லை வரை வட்டியில்லா மிகைப்பற்று உண்டு. அங்கே வாழ்க்கைச் செலவுக்கான அரசுக் கடன் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தவணையாக வரும். வாடகையும் சாப்பாடும் தவணை பார்த்து வருவதில்லை. அந்த இடைவெளியை மிகைப்பற்று அடைக்கிறது. வட்டி வாங்காமல் கொடுப்பதில் வங்கிக்கு என்ன இலாபம் என்ற ஐயம் எழலாம். இன்றைய மாணவர் நாளைய சம்பளக்காரர். அவர் தம்மிடமே தங்குவார் என்பதுதான் கணக்கு.

அங்கும் ஒரு குழி உண்டு. வட்டி இல்லை என்பதால் அந்த எல்லையைத் தம் சொந்தப் பணம் போலவே எண்ணிச் செலவழித்துவிடும் மாணவர் பலர். பட்டம் பெற்றபின் அக்கணக்கு பட்டதாரிக் கணக்காக மாறும். வட்டியில்லா எல்லை படிப்படியாகக் குறையும். சலுகை முடிந்தபின் சாதாரண மிகைப்பற்றின் வட்டிதான். அங்கே 2020 ஏப்ரலில் மிகைப்பற்றுக்கான தனித்தனிக் கட்டணங்கள் தடை செய்யப்பட்டு ஒரே வட்டி முறை வந்தபோது, பெரிய வங்கிகள் பல ஆண்டுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு என்று நிர்ணயித்தன. ஆகவே வட்டியில்லாக் கடனும் கடனே; திருப்பிக் கொடுக்கும் நாள் அதற்கும் உண்டு.

நம் நாட்டில் மாணவருக்கென்று இத்தகைய பொது ஏற்பாடு இல்லை. ஜன் தன் கணக்கில் மிகைப்பற்று உண்டு. முதலில் ரூ.5,000 என்றிருந்த எல்லை 2018-இல் ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. அதில் ரூ.2,000 வரை அதிக நிபந்தனை இல்லை. ஆறு மாதமாவது கணக்கு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கே, அதிலும் பெண்ணுக்கு முன்னுரிமை. இது வட்டியில்லாத் தொகை அன்று. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம கணக்குல பணமே இல்லாம பாங்குக்காரன் எப்படிடி குடுப்பான்?" என்று வியந்தார். இப்படி ஒன்று இருப்பதை எங்கள் தெருவில் அறிந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை.

வங்கி அடைக்காத இடைவெளியை வேறு யாரோ அடைக்கிறார்கள். கிராமத்தில் 'பத்து வட்டி' என்பது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 120 விழுக்காடு. ரூ.2,000 ஒரு மாதத்திற்கு வாங்கினால் வட்டி ரூ.200. அதே தொகையை ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் மிகைப்பற்றாகப் பெற்றால் வட்டி ரூ.20. வட்டியில்லா மிகைப்பற்றாக இருந்தால் பூஜ்யம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-இல் சட்டம் வந்தது. ஆனால் தேர்வுக் கட்டணத்திற்கு நாளை கடைசி நாள் என்னும்போது சட்டத்தை நினைப்பவர் யார்? இக்காலத்தில் கைபேசிச் செயலிகளும் ஐந்து நிமிடத்தில் கடன் என்று அழைக்கின்றன. ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ பின்னால் இருக்கிறதா என்று பாராமல் அவற்றைத் தொடுவது ஆபத்து. நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டும் கூட்டம் அவற்றினிடையே உண்டு.

கணக்கை வாடகைக்கு விடலாமா?

இன்னொரு வலையையும் சொல்லியாக வேண்டும். "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் தருகிறேன்" என்று பேருந்து நிலையத்திலும் விடுதி வாசலிலும் பேச்சுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏ.டி.எம். அட்டையையும் சிம் அட்டையையும் கொடுத்தால் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஆசை காட்டுவார்கள். அந்தப் பணம் எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம். புகார் எழுந்ததும் முடக்கப்படுவது நம் கணக்கு. காவல் நிலையத்திற்கு அழைக்கப்படுவது நாம். வட்டியில்லாமல், உழைப்பில்லாமல் வரும் பணம் எதற்கும் நம் பெயரைக் கொடுக்கலாகாது. நாமே இணையவழியில் ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வங்கிக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிடுவது நம் பொறுப்பைக் குறைக்கும்.

முறையிடும் வழி

வங்கியில் நியாயம் கிடைக்காவிட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பிவிடக் கூடாது. மேலாளரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஏ.டி.எம்.-இல் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாட்களுக்குள் அது திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2019-இல் வந்த விதி.

ஒரு வேண்டுகோள்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஏழை மாணவரின் தொல்லை பணமே வராதது மட்டுமன்று. வரவேண்டிய நாளுக்கும் வரும் நாளுக்கும் இடையிலுள்ள தூரமுமாகும். அந்தத் தூரத்தைக் கணக்கின் வகை அறியாமை நீட்டிக்கிறது. தவறான ஆதார் பிணைப்பு நீட்டிக்கிறது. அந்த இடைவெளியில்தான் கம்மலும் பத்து வட்டியும் நுழைகின்றன.

உதவித்தொகை உறுதி செய்யப்பட்ட ஒரு மாணவருக்கு, அது வந்து சேரும் வரை, ரூ.2,000 வட்டியில்லா மிகைப்பற்றாக வழங்கினால் என்ன? மூன்று மாதத்திற்கு 12 விழுக்காட்டில் அதன் வட்டி ரூ.60. அந்த அறுபது ரூபாயை அரசோ வங்கியோ ஏற்றுக்கொள்ளலாம். திரும்ப வருமா என்ற அச்சத்திற்கு அதிக இடமில்லை. வரப்போகும் உதவித்தொகையே அதற்குப் பிணை. இங்கிலாந்து மாணவர் விழும் குழியைத் தவிர்க்க, எல்லை சிறியதாகவும், உதவித்தொகை வந்ததும் தானே அடைபடுவதாகவும் வைத்துவிடலாம். இது நடக்கக்கூடிய காரியமே என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளியல், வணிகவியல் பேராசிரியப் பெருமக்கள் இதிலுள்ள நிறைகுறைகளை ஆராய்ந்து கூறினால் மகிழ்வேன்.

அது வரும்போது வரட்டும். அதுவரை நம் கல்லூரியிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆண்டுதோறும் முதலாண்டுச் சேர்க்கை முடிந்ததும் ஒரு வாரம், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நூலகத்தின் முன் ஒரு மேசை போட்டு அமரலாம். வருகின்ற ஒவ்வொரு புதிய மாணவரிடமும் நான்கே கேள்விகள் கேட்டால் போதும். உன் கணக்கு எந்த வகை? பதினெட்டு வயதுக்குப் பின் கையெழுத்து மாற்றினாயா? ஆதார் எந்த வங்கியோடு பிணைந்துள்ளது? உன் பாஸ்புக்கில் கடைசியாகப் பதிவு போட்டது எப்போது? இந்த நான்கிற்கும் விடை தெரிந்த மாணவர் உதவித்தொகைக்காக வங்கி வாசலில் வீணாக நிற்க வேண்டியிருக்காது. வரும் ஆண்டில் அந்த மேசை போடப்படுமானால், அதில் அமர முதல் ஆளாக நானும், கம்மலை மீட்டுவிட்ட என் தோழியும் பெயர் கொடுக்கக் காத்திருக்கிறோம்.